விளையாட்டில் சுடும் ஆயுதம்: ரேகாஸ்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பாக்கியோ வில்லோ ராக்கெட்டோ, முதன்முதலாகச் சுடவைக்க ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். யூனிட்டி, கோடோ, அன்ரியல், ரோப்ளாக்ஸ் என்று எந்த என்ஜினில் (விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில்) எழுதினாலும் கணக்கு ஒன்றுதான். ஃபங்ஷன்களின் பெயரும் சில பழக்கங்களும்தான் மாறும். மாறுகிற இடத்தில் அந்த என்ஜினின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

தோட்டாவை ஒரு பொருளாகச் செய்து, வேகம் கொடுத்து எறிந்தால் போதாதா? மோதலை என்ஜினே பார்த்துக்கொள்ளாதா?

மெதுவாகப் போகிற பொருளுக்குப் பார்த்துக்கொள்ளும். தோட்டாவுக்குப் பார்க்காது. ரைஃபிள் தோட்டா விநாடிக்குச் சுமார் 900 மீட்டர் போகும். விளையாட்டு விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடினால், அதாவது திரையை 60 முறை புதிதாக வரைந்தால், ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே அது 15 மீட்டர் தாண்டிவிடும். என்ஜின் சாதாரணமாக அந்தந்த ஃப்ரேமில் பொருள் நிற்கிற இடத்தில் எதுவும் உரசுகிறதா என்றுதான் பார்க்கும். நடுவில் 20 சென்டிமீட்டர் சுவர் இருந்தால், தோட்டா இந்த ஃப்ரேமில் சுவருக்கு முன்னால் இருக்கும், அடுத்த ஃப்ரேமில் சுவருக்குப் பின்னால் இருக்கும். சுவரைத் தொட்ட ஒரு கணம் என்பதே கணக்கில் வராது. ‘சில நேரம் படுகிறது, சில நேரம் ஊடுருவிப் போய்விடுகிறது’ என்று எழுதிக் கேட்பவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணம்.

விநாடிக்கு 60 மீட்டர் போகிற அம்புகூட ஒரு ஃப்ரேமுக்கு 1 மீட்டர் நகரும். மெல்லிய கதவைத் தாண்ட அது போதும். கையெறி குண்டு வேறு கதை. விநாடிக்கு 15 மீட்டர் என்றால் ஃப்ரேமுக்கு 25 சென்டிமீட்டர்தான். அது உருளவும் துள்ளவும் வேண்டும் என்பதால் அதை என்ஜினின் இயற்பியலிடமே விட்டுவிடுங்கள். வேகமான பொருள்களுக்கென்று தொடர்மோதல் கணிப்பு என்ற வசதி சில என்ஜின்களில் உண்டு. வேலை செய்யும், ஆனால் நூறு தோட்டாக்களுக்கு நூறு இயற்பியல் பொருள்கள் எதற்கு? தோட்டா என்பது ஓர் இடம், ஒரு வேகம் என்ற இரண்டு வெக்டர்கள் (மூன்று எண்களின் தொகுப்புகள்) மட்டுமே. மற்றதெல்லாம் ஒப்பனை. இந்தப் பக்கத்தில் வரும் பதில்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் பிறக்கின்றன.

ரேகாஸ்ட் என்றால் சரியாக என்ன?

என்ஜினிடம் நீங்கள் கேட்கிற ஒரு கேள்வி. ‘இந்தப் புள்ளியிலிருந்து, இந்தத் திசையில், இவ்வளவு தூரம் வரை நேர்கோடு போட்டால் முதலில் எது குறுக்கே வருகிறது?’ அந்தக் கோட்டைத்தான் இனிமேல் கதிர் என்கிறேன். பதிலாக எந்தப் பொருள், எந்தப் புள்ளியில், எவ்வளவு தூரத்தில், அந்தப் பரப்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதெல்லாம் கிடைக்கும். கடைசியாகச் சொன்ன திசைக்கு நார்மல் என்று பெயர். குறுக்கே எதுவும் இல்லை என்றால் வெறும் பதில் வரும். அதைச் சோதிக்காமல் பதிலுக்குள் கைவிட்டால் வானத்தை நோக்கிச் சுட்ட உடனே ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

தேடும்போது 1992-இன் வுல்ஃபென்ஸ்டைன் 3டி பற்றிய பாடங்களும் கண்ணில் படும். அங்கே ரேகாஸ்டிங் என்பது திரையில் சுவர்களை வரைகிற முறை. கோடு போட்டு முதல் தடையைக் கண்டுபிடிப்பது இரண்டுக்கும் பொது. நமக்கு வேண்டியது அந்த வரையும் முறையல்ல.

சுட்ட கணமே படுகிற ஹிட்ஸ்கேன் போதுமா, பறந்துபோகிற தோட்டா வேண்டுமா?

1993-இல் வந்த டூம் விளையாட்டிலேயே இரண்டும் உண்டு. கைத்துப்பாக்கியும் ஷாட்கன்னும் ஹிட்ஸ்கேன். ராக்கெட்டும் பிளாஸ்மாவும் பறந்துபோய்ப் படும். ஆகவே இது ஆயுதத்துக்கு ஆயுதம் எடுக்கிற முடிவு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கைத்துப்பாக்கித் தோட்டாவின் வேகம் விநாடிக்குச் சுமார் 360 மீட்டர். 30 மீட்டர் தள்ளி நிற்பவரை அடைய 0.083 விநாடி, அதாவது 5 ஃப்ரேம். அதற்குள் விநாடிக்கு 6 மீட்டர் ஓடுகிற எதிரி அரை மீட்டர் நகர்ந்துவிடுவார். முன்னால் குறிவைத்துச் சுடுகிற திறமை உங்கள் விளையாட்டில் வேண்டுமென்றால் பறக்கும் தோட்டா. சிறிய அறைகளில் நடக்கிற வேகமான சண்டை என்றால் ஹிட்ஸ்கேன் போதும். எதுவாக இருந்தாலும் பறக்கும் தோட்டாவுக்கே ஸ்கிரிப்ட் எழுதச் சொல்வேன். அதே ஸ்கிரிப்டில் ஒரே ஒரு நீண்ட அடி எடுத்துவைத்தால் ஹிட்ஸ்கேன் ஆகிவிடும். இதிலிருந்து அதற்குப் போவது சுலபம், அதிலிருந்து இதற்கு வருவதற்குள் பாதியைத் திரும்ப எழுதவேண்டியிருக்கும்.

சரி, ஒவ்வொரு ஃப்ரேமிலும் என்ன செய்ய வேண்டும்?

தோட்டா போன ஃப்ரேமில் இருந்த இடத்திலிருந்து இந்த ஃப்ரேமில் இருக்கப்போகிற இடம் வரை ஒரு கதிர். அவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் இப்படி வரும்:

பழைய_இடம் = தோட்டா.இடம்
நகர்வு = தோட்டா.வேகம் × நேரம் + 0.5 × ஈர்ப்பு × நேரம் × நேரம்
மோதல் = கதிர்(பழைய_இடம், நகர்வு)
மோதல் உண்டு என்றால்: அடி_பட்டது(மோதல்), தோட்டாவை நீக்கு
இல்லை என்றால்: தோட்டா.இடம் = பழைய_இடம் + நகர்வு
தோட்டா.வேகம் = தோட்டா.வேகம் + ஈர்ப்பு × நேரம்

இங்கே நேரம் என்பது போன ஃப்ரேமுக்குப் பின் கடந்த நேரம். ஒரு கதிர் முடிகிற புள்ளியில்தான் அடுத்த கதிர் தொடங்குகிறது. சங்கிலிக் கண்ணிபோல நடுவில் இடைவெளியே இல்லாததால் எவ்வளவு மெல்லிய சுவரும் தப்பாது. பலர் தோட்டாவை முதலில் நகர்த்திவிட்டு, புதிய இடத்திலிருந்து முன்னோக்கிக் கதிர் விடுகிறார்கள். அப்படிச் செய்தால் துப்பாக்கிக்கு மிக அருகே நிற்பவர்மேல் தோட்டா படவே படாது, ஏனென்றால் முதல் 15 மீட்டரை யாரும் சோதிக்கவில்லை.

இரண்டாம் வரியில் வருகிற 0.5 எதற்கு என்று அடிக்கடி கேட்கிறார்கள். பல மாதிரி ஸ்கிரிப்டுகளில் அது இருக்காது. முதலில் வேகத்தை மாற்றி, அந்தப் புதிய வேகத்தை நேரத்தால் பெருக்கி இடத்தை நகர்த்திவிடுவார்கள். 2 விநாடி பறக்கிற அம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதினால் விநாடிக்கு 30 ஃப்ரேம் ஓடுகிற கணினியில் அந்த அம்பு இருக்கவேண்டிய உயரத்துக்கு 33 சென்டிமீட்டர் கீழே போய்ப் படும். 144 ஃப்ரேம் ஓடுகிற கணினியில் 7 சென்டிமீட்டர்தான் கீழே. ஒரே வில், ஒரே குறி, ஆனால் வித்தியாசம் 26 சென்டிமீட்டர். ஒருவருக்குத் தலையில் படுகிற அம்பு இன்னொருவருக்குக் கழுத்துக்குக் கீழே இறங்கிவிடும். அந்த அரைப்பங்கைச் சேர்த்துவிட்டால் ஃப்ரேம் எண்ணிக்கை எதுவானாலும் அம்பு ஒரே வளைவில்தான் போகும்.

வளைந்த பாதையை நேர்க்கோடுகளாக வெட்டுகிறோமே, பிழை வராதா? 60 ஃப்ரேமில் அந்தப் பிழை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கணினி திணறி ஒரு ஃப்ரேம் கால் விநாடி இழுத்தால் 8 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். அப்படிப்பட்ட ஃப்ரேமில் மட்டும் நேரத்தை நாலைந்து துண்டாக்கி இதே வரிகளைத் திரும்ப ஓட்டுங்கள்.

கதிர் எதன்மேலும் படவேயில்லை. திசை சரியாகத்தானே இருக்கிறது?

இந்த ஒரு கேள்விக்கு என்ஜினைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

ரோப்ளாக்ஸில் திசை வெக்டரின் நீளம்தான் கதிரின் நீளம். அலகு வெக்டரை, அதாவது நீளம் 1 உள்ள வெக்டரை, கொடுத்தால் கதிர் 1 ஸ்டட் (ரோப்ளாக்ஸின் நீள அலகு) தூரத்தோடு முடிந்துவிடும். அதைத் தூரத்தால் பெருக்கிக் கொடுக்க வேண்டும். குறிப்புள்ளியையே திசை என்று கொடுத்துவிடுவது அங்கே இன்னொரு வழக்கமான தவறு. குறிப்புள்ளியிலிருந்து தொடக்கப் புள்ளியைக் கழித்தால்தான் திசை.

கோடோவிலும் அன்ரியலிலும் தொடக்கம், முடிவு என்று இரண்டு புள்ளிகள் கேட்கும், திசை கேட்காது. அன்ரியலில் அலகு சென்டிமீட்டர் என்பதையும் மறக்கவேண்டாம். 100 என்று கொடுத்தால் 1 மீட்டர்தான்.

யூனிட்டியில் திசையும் தூரமும் தனித்தனி, அதற்குப் பிறகு லேயர் மாஸ்க், அதாவது பொருள்களின் எந்தெந்தக் குழுவில் (லேயரில்) தேடலாம் என்று சொல்கிற எண். தூரத்தை விட்டுவிட்டு மாஸ்க்கை மட்டும் கொடுத்தால் அது முழு எண் என்பதால் என்ஜின் அதையே தூரமாக எடுத்துக்கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் வராது. அதுபோலவே லேயர் எண்ணும் மாஸ்க்கும் ஒன்றல்ல. 8-ஆம் லேயருக்கான மாஸ்க் 256. வெறும் 8 என்று கொடுத்தால் நீங்கள் சொன்னது 3-ஆம் லேயரை. நான் ஒரு முழு மாலையை இந்த 8-இல் தொலைத்திருக்கிறேன். எதிரிகள் எல்லோரும் சரியாக 8-ஆம் லேயரில் நிற்க, ஒரு தோட்டாகூடப் படவில்லை.

ஈர்ப்பும் என்ஜினுக்கு என்ஜின் மாறும்: யூனிட்டியில் 9.81, கோடோவில் 9.8, அன்ரியலில் 980, ரோப்ளாக்ஸில் 196.2. ஓரிடத்திலிருந்து எடுத்த எண்ணை இன்னோரிடத்தில் அப்படியே ஒட்டாதீர்கள்.

என் தோட்டா என்மேலேயே படுகிறது.

கதிரின் தொடக்கம் உங்கள் கைக்கோ துப்பாக்கிக்கோ மிக அருகில் இருக்கிறது. சுட்டவரின் உடல், கையில் உள்ள ஆயுதம், தொப்பி முதலான அணிகலன்கள் எல்லாவற்றையும் கதிர் கண்டுகொள்ளாதபடி விலக்குப் பட்டியலில் சேருங்கள். கண்ணுக்குத் தெரியாத பகுதிகளையும் கவனியுங்கள். கதவு திறக்க, பொருள் எடுக்க என்று வைத்திருக்கிற டிரிகர் பகுதிகளில் யூனிட்டியின் கதிர் இயல்பாகவே படும். கோடோவில் ஏரியாக்களை (இப்படிப்பட்ட பகுதிகளுக்கு அங்கே உள்ள பெயர்) சேர்க்கச் சொன்னால்தான் படும். காற்றில் தோட்டா நின்றுவிடுகிறது என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

கதிரைக் கேமராவிலிருந்து விடுவதா, துப்பாக்கி முனையிலிருந்து விடுவதா?

இரண்டிலிருந்தும். ஆடுபவர் குறிவைப்பது திரையின் நடுவில் உள்ள குறுக்குக்குறியால், அதாவது கேமராவின் கண்ணால். தோட்டா கிளம்புவதோ துப்பாக்கி முனையிலிருந்து. கேமராவின் திசையிலேயே முனையிலிருந்து சுட்டால் இரண்டும் இணைகோடுகளாகப் போய், தோட்டா எப்போதும் குறிக்குச் சற்றுப் பக்கத்தில் படும். ஆகவே முதலில் கேமராவிலிருந்து ஒரு கதிர் விட்டு, அது படுகிற புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிலும் படாவிட்டால் அந்தத் திசையில் 500 மீட்டர் தள்ளி ஒரு புள்ளி. பிறகு முனையிலிருந்து அந்தப் புள்ளியை நோக்கித் தோட்டாவை அனுப்புங்கள்.

இதில் இரண்டு குழிகள் உண்டு. ஆடுபவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கிற கேமரா என்றால், கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு தூண் வரலாம். கேமராக் கதிர் அந்தத் தூணில் பட்டு, குறிப்புள்ளி துப்பாக்கிக்குப் பின்னால் அமைந்துவிடும். விசையை அழுத்தியதும் தோட்டா பின்னோக்கிப் பறக்கும். கேமராத் திசைக்கும் முனையிலிருந்து குறிக்குப் போகும் திசைக்கும் புள்ளிப் பெருக்கல் (இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று சொல்கிற கணக்கு) போட்டு, விடை சுழியோ எதிர்மறையோ என்றால் அந்தக் குறியை ஒதுக்கிவிட்டுக் கேமராத் திசையிலேயே சுடுங்கள்.

இரண்டாவது குழி இன்னும் மோசம், ஏனென்றால் மற்றவர்கள் அதை ஆயுதமாக்கிவிடுவார்கள். சுவரோடு ஒட்டி நின்றால் துப்பாக்கியின் முனை சுவரைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். கதிர் அங்கிருந்தே தொடங்குவதால் அடுத்த அறையில் இருப்பவரைச் சுட முடியும். முனை சுவரின் உள்ளேயே புதைந்திருந்தாலும் இதே கதைதான். தொடக்கப் புள்ளி எந்தப் பொருளின் உள்ளே இருக்கிறதோ அந்தப் பொருளை யூனிட்டியும் ரோப்ளாக்ஸும் கண்டுகொள்வதில்லை. தோட்டா கிளம்பும் முன் ஆளின் மார்பிலிருந்து முனை வரை ஒரு குட்டிக் கதிர் விடுங்கள். அது எதிலாவது பட்டால் தோட்டாவின் கதை அங்கேயே முடிந்தது.

நிமிடத்துக்கு 800 தோட்டா என்று வைத்தேன். எண்ணினால் 720-தான் வருகிறது.

சரியாக எண்ணியிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு 800 என்றால் இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே 0.075 விநாடி. 60 ஃப்ரேமில் அது 4.5 ஃப்ரேம். நாலரையாவது ஃப்ரேம் என்று ஒன்று கிடையாது, எனவே ஸ்கிரிப்ட் 5-ஆவது ஃப்ரேம் வரை காத்திருந்து சுடுகிறது. 5 ஃப்ரேமுக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு 720. இதே துப்பாக்கி 144 ஃப்ரேம் ஓடுகிறவரிடம் 11 ஃப்ரேமுக்கு ஒருமுறை சுட்டு, நிமிடத்துக்கு 785 தோட்டா தள்ளும். விலை உயர்ந்த திரை வைத்திருப்பவருக்கு வலுவான துப்பாக்கி என்றாகிவிடும். இது ஆடுபவர்களுக்குச் செய்கிற அநியாயம், சரிசெய்யாமல் விளையாட்டை வெளியிடாதீர்கள்.

தீர்வு ஒரே வரி. சுட்டபின் ‘அடுத்த நேரம் = இப்போது + 0.075’ என்று எழுதாமல், ‘அடுத்த நேரம் = அடுத்த நேரம் + 0.075’ என்று எழுதுங்கள். மிச்சமான அரை ஃப்ரேம் அடுத்த தோட்டாவுக்குக் கணக்கில் வந்துவிடும். விசையை விட்டு வெகுநேரம் கழித்து மறுபடி அழுத்துகிறபோது மட்டும் அடுத்த நேரத்தை இப்போதைய நேரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் சேர்ந்து கிடந்த தோட்டாக்கள் ஒரே ஃப்ரேமில் கொட்டும். தாமதமாகக் கிளம்பிய தோட்டாவை அந்த மிச்ச நேரத்துக்கு உரிய தூரம் முன்னால் நகர்த்தி, அந்தத் தூரத்துக்கும் கதிர் விட்டுக் கிளப்பினால் தொடர்ந்து சுடும்போது தோட்டாக்களின் இடைவெளி சீராக இருக்கும்.

தோட்டாக்கள் சிதறிப் போக வேண்டும். எப்படி?

திசையைச் சுற்றி ஒரு கூம்பு என்று நினைத்துக்கொண்டு, அதற்குள் ஏதோ ஒரு திசையைத் தேர்ந்தெடுங்கள். நடுவிலிருந்து எவ்வளவு விலகல் என்பதற்கு 0 முதல் 1 வரை ஒரு சீரற்ற எண்ணை எடுத்து, அதன் வர்க்கமூலத்தைப் பயன்படுத்துங்கள். வர்க்கமூலம் இல்லாவிட்டால் தோட்டாக்கள் நடுவிலேயே குவியும். உங்களுக்குக் குவிவதுதான் பிடிக்கிறது என்றால் அப்படியே விடலாம், ஷாட்கன்னுக்கு எனக்கு அதுவே பிடிக்கும்.

பலர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு. யார் சுட்டது பட்டது என்பதை எந்தக் கணினி முடிவுசெய்ய வேண்டும்?

சர்வர். ஆடுபவரின் கணினியிலிருந்து ‘நான் இன்னாரை அடித்துவிட்டேன்’ என்று செய்தி வந்து, சர்வர் அதை நம்பி உயிரைக் குறைத்தால், ஏமாற்றுகிறவர் துப்பாக்கியே எடுக்காமல் எல்லோரையும் வீழ்த்திவிடுவார். வரவேண்டிய செய்தி ‘இங்கிருந்து, இந்தத் திசையில் சுட்டேன்’ என்பது மட்டுமே. அதையும் அப்படியே ஏற்கக்கூடாது. தொடக்கப் புள்ளி அந்த ஆளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதா (இணையத் தாமதத்துக்காகச் சில மீட்டர் விட்டுக்கொடுங்கள்), சராசரியாக 0.075 விநாடிக்கு ஒரு தோட்டாவுக்கு மேல் போகாமல் இருக்கிறதா, தோட்டா மீதி இருக்கிறதா, ஆள் உயிரோடு இருக்கிறாரா, திசை வெக்டரில் எண்ணே அல்லாத மதிப்பு ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சர்வரே தன் பங்குக்குக் கதிர் விட வேண்டும். திசையின் நீளத்தையும் சர்வரே மறுபடி அலகாக்கிக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் யாராவது நூறு மடங்கு வேகத் தோட்டா அனுப்புவார்கள்.

சர்வர் மட்டும் முடிவுசெய்தால் இன்னொரு குறை வரும். உங்கள் திரையில் தெரிகிற எதிரி, சர்வரில் இருக்கிற எதிரியைவிடச் சற்றுப் பழையவர். தாமதம் 0.1 விநாடி என்றால், விநாடிக்கு 6 மீட்டர் ஓடுகிறவர் 60 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருப்பார். நேராகக் குறிவைத்துச் சுட்டும் படவில்லை என்று ஆடுபவர் கோபப்படுவார், அந்தக் கோபம் நியாயமானதுதான். இதற்கான வழியை வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் ஒரு கட்டுரையாக எழுதிவைத்தார். ஒவ்வோர் ஆளும் கடந்த சிறிது நேரத்தில் எங்கெங்கே இருந்தார் என்று சர்வர் குறித்துவைத்துக்கொள்ளும். சுட்ட செய்தி வந்ததும் எல்லோரையும் சுட்டவர் பார்த்த கணத்துக்குப் பின்னால் நகர்த்தி, கதிர் விட்டுப் பார்த்து, மறுபடி பழையபடி நிறுத்தும். இதற்கும் விலை உண்டு. சுவருக்குப் பின்னால் ஒளிந்தபின் அடி விழுந்ததாக அடிபட்டவர் உணர்வார். எனவே எவ்வளவு பின்னால் போகலாம் என்பதற்கு ஒரு வரம்பு வையுங்கள். 0.2 விநாடிக்கு மேல் போக எனக்கு மனம் வருவதில்லை. மெதுவாகப் பறக்கிற ராக்கெட்டுக்கு இந்தப் பின்னோக்கு வேலை வேண்டியதில்லை, அதை எல்லோரும் கண்ணால் பார்த்து விலகட்டும்.

கணக்கெல்லாம் சரி, ஆனால் தோட்டா கண்ணுக்குத் தெரியவில்லையே?

ஏனென்றால் இன்னும் நீங்கள் எதையும் வரையவில்லை. ஒளிக்கோடு, புகை, சத்தம் எல்லாம் அவரவர் கணினியில் நடக்கட்டும். கணக்குச் சொல்கிற இடத்துக்கு ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு போனால் போதும். சர்வர் பதிலுக்குக் காத்திருக்காமல் சுட்டவரின் திரையில் உடனே வரையுங்கள், இல்லாவிட்டால் துப்பாக்கி சோம்பேறியாகத் தோன்றும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் புதிய பொருளை உருவாக்கி அழிப்பதற்குப் பதில் ஐம்பது அறுபது கோடுகளை முன்பே செய்து ஒளித்துவைத்து, மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

பட்டுத் தெறிக்கவும், பலகையைத் துளைத்துப் போகவும் முடியுமா?

தெறிக்க: புதிய வேகம் = வேகம் − 2 × (வேகம் · நார்மல்) × நார்மல். பட்ட புள்ளியிலிருந்து நார்மல் பக்கமாக ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தொடங்குங்கள், அதே ஃப்ரேமில் மீதியிருக்கும் நேரத்துக்கும் கதிர் விடுங்கள்.

துளைப்பது சற்றுச் சுவையானது. பலகையின் தடிமன் தெரிய வேண்டும், ஆனால் உள்ளேயிருந்து விடும் கதிர் வெளிப்பரப்பைக் காணாது. ஆகவே தோட்டா அதிகபட்சம் எவ்வளவு துளைக்கும் என்று வைத்திருக்கிறீர்களோ, பட்ட புள்ளியிலிருந்து அவ்வளவு தூரம் தாண்டிப் போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்து அந்தப் பலகையை மட்டும் தேடும் ஒரு கதிர் விடுங்கள். அது பலகையின் மறுபக்கத்தில் படும். இரண்டு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரம்தான் தடிமன். திரும்பிவிட்ட கதிர் எதிலும் படாவிட்டால் பலகை அதைவிடத் தடிமன், தோட்டா உள்ளேயே நின்றுவிட்டது.

ராக்கெட் தடிமனானது. ஒற்றைக் கோடு போதுமா?

போதாது, கம்பிகளுக்கு நடுவே நுழைந்துவிடும். கதிருக்குப் பதில் உருண்டையை நகர்த்திப் பார்க்கிற ஸ்ஃபியர்காஸ்ட் பயன்படுத்துங்கள். யூனிட்டியில் தொடக்கத்திலேயே உருண்டைக்குள் இருக்கிற பொருளை அது கண்டுகொள்ளாது, அதனால் கிளம்பும் இடத்தை மட்டும் தனியாகச் சோதித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக எழுதியிருக்கிறேனா என்று எப்படிச் சோதிப்பது?

ஒவ்வொரு கதிரையும் சில விநாடிகள் மறையாமல் நிற்கிற சிவப்புக் கோடாக வரையுங்கள், கோடு முடிகிற இடத்தில் ஒரு சிறு புள்ளி. பிறகு காகிதம் போன்ற மெல்லிய சுவர் ஒன்றை நிறுத்தி, விளையாட்டை வேண்டுமென்றே விநாடிக்கு 15 ஃப்ரேமுக்குக் குறைத்து, ஓடிக்கொண்டும் திரும்பிக்கொண்டும் அந்தச் சுவரைச் சுடுங்கள். ஒரு கோட்டின் முடிவும் அடுத்த கோட்டின் தொடக்கமும் ஒட்டாமல் எங்காவது இடைவெளி தெரிந்தால், இடத்தை இரண்டு முறை நகர்த்துகிற வரி ஒன்று ஸ்கிரிப்டில் இருக்கிறது. கோடுகள் ஒட்டியே இருந்தும் சுவருக்கு மறுபக்கம் சிவப்பு தெரிந்தால் விலக்குப் பட்டியலில் அந்தச் சுவர் தவறிச் சேர்ந்திருக்கிறது. அடுத்து 15 ஃப்ரேமில் ஒருமுறையும் 144 ஃப்ரேமில் ஒருமுறையும் ஒரே வில்லிலிருந்து ஒரே குறிக்கு எய்து, இரண்டு அம்புகளும் ஒரே துளையில் நிற்கின்றனவா என்று கிட்டே போய்ப் பாருங்கள்.